கூட்டேரிப்பட்டு எந்தத் திணை?

திண்டிவனத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் எனக்குத் தமிழாசிரியை வேலை கிடைத்தது எண்பதுகளின் நடுவில். வீடு விழுப்புரத்தில். காலை பாசஞ்சரைப் பிடித்தால் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நின்று நின்று போய் முதல் மணிக்குச் சற்று முன்னால் இறக்கிவிடும். முண்டியம்பாக்கத்தில் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அதைத் தாண்டினால் ஏரி, நெல், மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லை. மயிலம் வரும்போது குன்றின் மேல் கோபுரம் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதையெல்லாம் நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு நடத்த வேண்டிய பாடத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே போவேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு ஐந்திணை நடத்தினேன். நன்றாகத்தான் நடத்தினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கேள்வி கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்று ஒரே மூச்சில் ஒப்பித்தார்கள். குறிஞ்சி என்றால் இன்ன நிலம், இன்ன பூ, இன்ன பறை. ஒரு எழுத்துப் பிசகவில்லை. ஏதோ தோன்றி, கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"உங்க ஊரு எதும்மா?"

"கூட்டேரிப்பட்டு டீச்சர்."

"அது எந்தத் திணை?"

அவள் திருதிருவென்று விழித்தாள். அப்பா சொந்த நிலத்தில் மல்லாட்டையும் கேப்பையும் போடுகிறவர். அவளே சனி ஞாயிறுகளில் களை எடுக்கப் போகிறவள். கடைசியில் சொன்னாள்: "எங்க ஊர்ல மலையும் இல்ல, கடலும் இல்ல டீச்சர். பஸ்ஸுதான் வந்து வந்து நிக்குது."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் சாயங்கால ரயிலில் அந்தப் பதில் என்னோடு உட்கார்ந்துகொண்டு வந்தது. அவள் கிண்டலுக்குச் சொல்லவில்லை. திணை என்பது பாடப்புத்தகத்துக்குள் இருக்கிற ஏதோ ஒரு நாடு, அங்கே போக பஸ் கிடையாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நினைக்க வைத்தது நான்தான். அன்றுதான் முதல்முறையாக ரயில் ஜன்னலுக்கு வெளியே தலையைத் திருப்பிப் பார்த்தேன்.

மறுநாள் புத்தகத்தை மூடி வைக்கச் சொன்னேன். "உங்க உங்க ஊர்ல எந்த மரம் நிக்குது, எந்தப் பறவை வருது, என்ன சாப்பிடறீங்க, விடிஞ்சா முதல்ல என்ன சத்தம் கேக்குது? வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கினு வாங்க. அதுக்கப்புறம் சொல்லுங்க, அது எந்தத் திணைன்னு."

பார்த்துவிட்டு வந்தவர்கள் அடங்கவே இல்லை. ஏரிக்கரைப் பிள்ளைகள் மருதத்துக்கு அடித்துக்கொண்டார்கள். செஞ்சிப் பக்கத்திலிருந்து விடுதியில் வந்து தங்கிப் படித்த பெண், பாறையும் குரங்கும் இருப்பதால் தன் ஊர்தான் குறிஞ்சி என்றாள். கூட்டேரிப்பட்டுப் பெண் எழுந்து, "எங்க ஊருக்குப் பறை, பஸ் ஆரன் டீச்சர். உணவு மல்லாட்டை. பூ மட்டும் தெரியல. ரோட்டுல பூக்காரம்மா விக்கிற பூவைச் சேத்துக்கலாமா?" என்று கேட்டாள்.

"சேத்துக்கோ."

இதைப் படமாகப் போட்டால் என்ன என்ற யோசனை அப்போதுதான் வந்தது. ஓவிய ஆசிரியரிடம் போனேன். ஐம்பதை நெருங்குகிற மனிதர், பக்கத்துக் கிராமத்து மாதா கோவில் தெருவைச் சேர்ந்தவர். நன்றாக வரைவார், ஆனால் வகுப்பில் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் ஒரு குடம், ஒரு வாழைப்பழம், ஒரு மாங்காய். அதற்கு மேல் போவதில்லை.

"தமிழுக்கும் படத்துக்கும் என்னங்க டீச்சர் சம்பந்தம்? என் பீரியடையே கணக்குக்கும் சயின்ஸுக்கும் புடுங்கிக்கிறாங்க. நீங்களும் வந்துட்டீங்களா?"

"புடுங்க வரல சார். என் பீரியடையும் சேத்து உங்களுக்குக் குடுக்க வந்திருக்கேன்."

அப்படி யாரும் அவரிடம் சொன்னதில்லை போலிருக்கிறது. "கலருக்கு என்ன பண்ணுவீங்க?" என்றார். அது மறுப்பு இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

தலைமையாசிரியை கணக்கு நடத்துகிறவர். கறாரான பெண்மணி. நாங்கள் இருவரும் போய் நின்றதும், "போர்ஷன் முடியுமா?" என்பதுதான் முதல் கேள்வி. முடியும் என்றேன். "மார்க் குறையாதே?" குறையாது என்றேன், எந்தத் தைரியத்தில் என்று தெரியவில்லை. சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற சுவரைக் கொடுத்தார். "அங்கதான் யார் கண்ணுலயும் படாது," என்றும் சேர்த்துக்கொண்டார்.

கலருக்குப் பிள்ளைகளே வழி கண்டார்கள். செம்மண், அடுப்புக்கரி, மஞ்சள்தூள், சலவைக்குப் போடும் நீலம், அவரை இலையை அரைத்துப் பிழிந்த பச்சை. ஓவிய ஆசிரியர் சுவரில் கோடு மட்டும் பிரித்துக்கொடுத்தார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். யாராவது மரத்தைப் பச்சை உருண்டையாகப் போட்டால் நின்று, "இது எந்த மரம்? வேம்பா, புளியா? பாத்துட்டு வந்துதானே போடற?" என்பார். அந்தப் பெண் அழித்துவிட்டு ஓடிப் போய் வாசலில் நின்ற புளியமரத்தைப் பார்த்துவிட்டு வருவாள். கவிதையை எப்படிப் படிக்கச் சொல்லித்தர வேண்டும் என்று எனக்கு அந்த நடையைப் பார்த்துத்தான் பிடிபட்டது. அதற்கப்புறம் செய்யுளில் ஒரு பூ வந்தால், பொருள் சொல்வதற்கு முன்னால், அதை யார் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்தேன்.

நான்கு நிலங்கள் நிறைந்துவிட்டன. பாலைக்கு ஒதுக்கிய இடம் மட்டும் வெறும் சுவராகவே இருந்தது. யாரும் பாலையைப் பார்த்ததில்லை.

"ஒட்டகம் போடலாம் டீச்சர்," என்றாள் ஒருத்தி.

"ஒட்டகத்தைப் பாத்திருக்கியா?"

"காலண்டர்ல."

அப்போது, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். கடலோரத்துக் கோட்டக்குப்பத்துப் பெண். திண்டிவனத்தில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தாள். நெய்தலில் படகுகளை வரைந்ததெல்லாம் அவள்தான்.

"எங்க அத்தா பாலையிலதான் டீச்சர் இருக்காரு. துபாய்ல. நான் வேணா கேட்டுச் சொல்லட்டுமா?"

அவர்கள் வீட்டில் கடிதம் எழுதும் வழக்கம் குறைவு. கேசட்டில் பேசி, லீவு முடிந்து திரும்பிப் போகிற ஊர்க்காரர் யாரிடமாவது கொடுத்து அனுப்புவார்களாம். அவரும் அங்கிருந்து அப்படியே பேசி அனுப்புவார். அந்த வார இறுதியில் அவள் ஊருக்குப் போய், அம்மா பேசி முடித்த பிறகு மிச்சமிருந்த டேப்பில், வகுப்பில் நான் கேட்ட கேள்விகளையெல்லாம் அப்பாவிடம் கேட்டு அனுப்பிவிட்டாள். என்ன மரம், என்ன பறவை, என்ன சாப்பாடு, என்ன சத்தம். கூடவே, என்ன பொழுது என்று தானாகவும் ஒன்று.

பதில் வருவதற்கு முன்னால் மழை வந்துவிட்டது. ஐப்பசி மழை, விடாமல் பிடித்துக்கொண்டது. அது ஓய்ந்து பள்ளி திறந்த அன்று பிள்ளைகள் கொட்டகைக்குப் பின்னால் ஓடினார்கள். மண்ணும் நீலமும் மஞ்சளும் ஒன்றோடொன்று கலந்து வழிந்து, சுவரின் அடியில் சேறாகக் கிடந்தன. ஒரு படகின் நுனியும் பாதிக் குரங்கும்தான் மிச்சம். இரண்டு மூன்று பேர் அழுதேவிட்டார்கள். ஆய்வுக்கு அதிகாரி வருகிற சமயம் என்பதால் தலைமையாசிரியை ஆளைவிட்டுச் சுவர் முழுக்க வெள்ளையடிக்கச் சொன்னார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"பேஜாரா பூட்ச்சு டீச்சர்," என்றாள் கூட்டேரிப்பட்டுப் பெண். வகுப்பு மறுபடி புத்தகத்துக்குத் திரும்பியது. நானும் சோர்ந்து போயிருந்தேன். ஓவிய ஆசிரியர் மட்டும், "வஜ்ரம் காய்ச்சிக் கலந்திருக்கணும். பசை இல்லாத கலர் எப்படி நிக்கும்? எனக்குத் தெரியும், ஆனா இவ்வளவு தூரம் போவீங்கன்னு நான் நினைக்கல," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த அன்று, கோட்டக்குப்பத்துப் பெண் துணிப்பையில் சுற்றி ஒரு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெரியம்மா பையன் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து விட்டானாம். "அத்தா பேசியிருக்காரு டீச்சர். வகுப்புக்குப் போட்டுக் காட்டச் சொன்னாரு."

ஓவிய ஆசிரியரையும் கூப்பிட்டுக்கொண்டேன். சத்தம் கேட்டு, ரவுண்ட்ஸ் வந்த தலைமையாசிரியையும் வாசலில் நின்றுவிட்டார். நான் எழுந்தேன். நடத்துங்கள் என்று கையைக் காட்டினார்.

முதலில் கொரகொரவென்று ஒரு சத்தம். பிறகு குரல்.

"இது என்ன சத்தம்னு பாக்கறியாம்மா? ஜெனரேட்டரு. ராவும் பகலும் இதான். உங்க டீச்சர் கேட்ட பறை இதான்னு எழுதிக்கோ."

பிள்ளைகள் சிரித்தார்கள், உடனே அடங்கினார்கள். அவர் நிதானமாக, ஒன்றன் பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். பறவை புறா. ஜன்னல் ஏசிப் பெட்டிக்கு மேலே கூடு கட்டுகிறது, யாரும் கலைப்பதில்லை. சாப்பாடு குப்பூஸ் என்று ஒரு ரொட்டியும் பருப்பும். மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, கேம்ப் வாசலில் ஒரு வேப்பங்கன்று. நாகூர்க்காரர் ஒருவர் முகம் கழுவுகிற தண்ணீரை அதற்கு ஊற்றி வளர்க்கிறார். ஒட்டகத்தை அவர் இதுவரை பக்கத்தில் பார்த்ததில்லை.

"பொழுது எதுன்னு கேட்டியே. இங்க எல்லாமே நடு மத்தியானந்தாம்மா. பன்னண்டு மணிக்கு மேல கட்டடத்துச் சாரத்துல நின்னா கண்ணு கூசும். கம்பியத் தொட முடியாது. அந்த நேரத்துலதான் வூட்டு நெனப்பு வரும். சாயங்காலம் வராது, ராத்திரி அசதியில தூக்கம் வந்துரும். அந்த நண்பகல்லதான்."

முன் பெஞ்சில் ஒருத்தி சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாலைக்குப் பொழுது நண்பகல், அதற்கு உரியது பிரிவு. ஒப்பித்து ஒப்பித்து அவர்களுக்கு அலுத்துப்போன வரி. அந்த மனிதர் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர் என்று பிறகு மகள் சொன்னாள். ஒருத்தியிடமிருந்து இன்னொருத்தியிடம் அந்தப் புரிதல் பரவுவதை முகங்களில் பார்த்தேன். இனி நான் விளக்க என்ன இருந்தது?

கடைசியில் அவர் சொன்னார்: "உங்க டீச்சருக்கு என் சலாம் சொல்லும்மா. நான் வந்து இத்தன வருசத்துல எல்லாரும் எப்படி இருக்கீங்க, எப்ப வர்றீங்கன்னுதான் கேட்டீங்க. எங்க இருக்கீங்கன்னு நீதான் முதல்ல கேட்ட."

டேப் ஓடி முடிந்து டக்கென்று நின்றது. அந்தப் பெண் அழுவாள் என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஊரிலிருந்து விருந்தாளி வந்திருக்கிற வீட்டுப் பெண்ணைப் போல ஒரு பெருமை முகத்தில்.

வாசலில் நின்ற தலைமையாசிரியை உள்ளே வந்தார். "அந்தச் சுவத்துல இப்ப ஒண்ணும் இல்லையே?" என்று ஓவிய ஆசிரியரைக் கேட்டார்.

"வெள்ளை அடிச்சு சுத்தமா இருக்குங்கம்மா."

"அப்ப போடுங்க. வஜ்ரமோ என்னமோ சொன்னீங்களே, அதக் கலந்து போடுங்க. வருஷா வருஷம் வெள்ளையடிக்க என்னால முடியாது."

இந்தத் தடவை பாலையில்தான் ஆரம்பித்தார்கள். சுண்ணாம்பு வெள்ளையில் கண் கூசுகிற ஒரு வெளிச்சம், அதில் சாரம், கம்பி, புறா. ஒட்டகம் போடவில்லை. பக்கத்திலேயே கூட்டேரிப்பட்டு சாலையைப் போட வேண்டும் என்று அந்த ஊர்ப் பெண் பிடிவாதம் பிடித்தாள். ஊரை விட்டுப் போகிற எல்லாரும் அங்கேதான் பஸ் மாறுகிறார்கள், வழியனுப்ப வந்தவர்கள் அங்கேதான் நின்று அழுகிறார்கள், அதனால் அதுவும் பாலை என்பது அவள் வாதம். பச்சைப் பசேலென்ற மல்லாட்டைக் கொல்லைக்கு நடுவே பாலையா என்று மருதக்காரிகள் சண்டைக்கு வந்தார்கள். ஒரு முழு பீரியட் விவாதம் நடந்தது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அவள் வரைந்தாள். அதன் கீழே தானே எழுதிய நான்கு வரிகளையும் கரியால் எழுதினாள். பஸ் போன பிறகும் கையை இறக்க மறந்து நிற்கிற ஒரு அம்மாவைப் பற்றிய வரிகள்.

மார்க் குறையவில்லை. பெரிதாக ஏறிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் முழுப்பரீட்சையில் விடைத்தாள்கள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கவில்லை. திருத்த எனக்கு அதிக நேரம் பிடித்தது. அதில் எனக்குச் சந்தோஷமே.

கோடை விடுமுறைக்குச் சற்று முன்னால் கோட்டக்குப்பத்துப் பெண்ணின் அப்பா லீவில் வந்தார். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு மகளிடம் மெல்ல, "புறா இவ்ளோ குண்டா இருக்காதும்மா," என்றார். அவள் உடனே கரித்துண்டை எடுக்கப் போனாள். "வேணாம், வேணாம். அதாவது நல்லா சாப்புடட்டும்," என்று தடுத்துவிட்டார்.

ஜூனில் பள்ளி திறந்தபோது ஆசிரியர் அறையில் புதிய கால அட்டவணை ஒட்டியிருந்தது. ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழும் ஓவியமும் அடுத்தடுத்த பீரியடாக இருந்தன. கீழே தலைமையாசிரியையின் கையெழுத்து.

அன்று மத்தியானம் ஓவிய ஆசிரியர் டிபன் டப்பாவோடு என் மேஜைக்கு வந்தார். "டீச்சர், இந்த வருஷப் புத்தகத்துல ஒரு நாடகம் இருக்குதே. எங்க ஊர் கோவில்ல ஈஸ்டர் சமயத்துல போடற பாஸ்கா நாடகத்துக்கு நான்தான் காகிதக் கூழுல முகமூடி செஞ்சு குடுக்கறேன். பிள்ளைங்க செஞ்சா என்ன? கூழு தயாராக ஒரு வாரம் ஊறணும். ஜல்தியா பழைய பேப்பர் சேக்கச் சொல்லுங்க."

சாப்பிட்ட கையைக்கூட நான் கழுவவில்லை. இருவருமாக எழுந்து, பழைய செய்தித்தாள் கேட்டு ஆபீஸ் ரூமுக்கு நடந்தோம்.