அம்மன் கூழும் துருவத்துப் பனியும்

என் மகள் துருவத்துப் பனியை ஆராயும் படிப்பில் சேர்ந்த வருஷம், ஆடிக் கூழ் ஊற்றும் இடத்தில் என் கணவரின் அண்ணன் எல்லார் முன்னாலும் கேட்டார்:

"ஐஸ் பொட்டி தூக்கினு புதுவாயல் பஸ் ஸ்டாப்புல விக்கப் போறாளா?"

தெருவே சிரித்தது. மகள் கூழ்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். தாயே, இதே இடத்தில் இவர் வாயாலேயே இதற்குப் பதில் வர வேண்டும் என்று அம்மனிடம் அன்றைக்கே முறையிட்டேன்.

இப்போது அவள் செயற்கைக்கோள் அனுப்பும் அளவுகளை வைத்து, துருவத்தில் பனி வருஷத்துக்கு வருஷம் எவ்வளவு கரைகிறது என்று கண்டுபிடிக்கிறாள். போன ஆடியில் கூழ் ஊற்றும் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. வரிசையில் கணவரின் அண்ணனும் வந்து சொம்பை நீட்டினார். நான் கரண்டியைத் தூக்கியபடியே நின்றேன்.

"மாமா, எம்பொண்ணு இன்னா வேலை பாக்குறான்னு சொல்லுங்க, ஊத்துறேன்."

"இன்னாம்மா, வெயில்ல நிக்க வச்சி வெளாட்றியா?"

"வெளாட்டு இல்ல மாமா. ஐஸ் விக்குறாளா?"

வரிசையில் யாரோ கத்தினார்கள்: "சொல்லு பெர்சு, பசிக்குது!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சாட்டிலைட்ல பனிய அளக்குது. பெரிய ஆராய்ச்சி."

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல மாமா."

மறுபடியும் உரக்கச் சொன்னார். அப்புறம்தான் சொம்பு நிறைய ஊற்றினேன்.

அம்மன் கூழை யாருக்கும் இல்லை என்று சொல்லக் கூடாது. நான் சொல்லவில்லை, காக்க வைத்தேன். அது குற்றம் என்றால் அம்மன் என்னைக் கேட்கட்டும். வரும் ஆடிக்கும் முறையை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன்.