வெட்டி எறிந்த இருமல்

என் தங்கை புருஷனுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘உஷ்’. வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அதுதான். கம்ப்யூட்டரில் செய்த கார்ட்டூன் படங்களுக்குச் சத்தம் சேர்ப்பது அவர் வேலை. திரையில் அணில் சருகில் ஓடும்; இவர் படுக்கையறையில் மைக் முன்னால் குந்தி, பழைய கேசட் நாடாவைக் கசக்குவார். கேட்டால் அசல் சருகு! மனுஷன் கெட்டிக்காரர், அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அவர் மைக்கைத் திறந்தால் வீடே மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஃபேன் ஓடக்கூடாது, குழாய் திறக்கக்கூடாது. என் தங்கை அடுப்படியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிற்பாள். அப்படியும் இருமல் வந்துவிடும். இவர் திட்ட மாட்டார். அந்த இடத்தை மட்டும் கம்ப்யூட்டரில் வெட்டி எறிந்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பார்.

செவ்வாய்க்கிழமை அவள் இருமியபோது ரத்தம் வந்தது. அடித்துப்பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

“எத்தனை நாளா இருமல்?” என்று டாக்டர் கேட்டார். பதில் சொல்ல அவளுக்கு மூச்சில்லை.

“ரெண்டு வாரம் இருக்கும்” என்றார் இவர்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. முக்கியம்.”

மாற்றுத் துணி எடுக்க நாங்கள் இருவரும் வீட்டுக்கு வந்தோம். வந்ததும் இவர் நேரே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என் தங்கச்சி அங்க உசுருக்குப் போராடுறா. உங்களுக்கு இப்பவும் வேலையா மாப்பிள்ளை?”

“வெட்டாத ரெக்கார்டிங் எல்லாம் தேதியோட இருக்கு மச்சான். உஷ்!”

சருகுச் சத்தம். இருமல். உடனே அவள் குரல், மெல்லமாக: “சாரிங்க.”

முந்தைய மாதத்தைத் திறந்தார். கதவு கிறீச்சிட்டது. இருமல். “சாரிங்க.” அதற்கும் முந்தையது. இன்னும் பின்னால். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சின்னச் செருமல்தான். அதற்கும் சாரி கேட்டிருந்தாள், பாவி.

“ஒவ்வொண்ணையும் கேட்டேன் மச்சான்” என்று தலையில் அடித்துக்கொண்டார். “கேட்டுத்தானே வெட்டினேன்!”

அறையலாம் என்று கை துடித்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த வீட்டில் சாப்பிட்டவன் நான். ‘வெந்நீர் குடி, சரியாப் போயிடும்’ என்று சொன்னவனும் நான்தான்.

அவர் டாக்டருக்கு போன் போட்டார்.

“ரெண்டு வாரம் இல்லீங்க. எட்டு மாசம்.”

“எட்டு மாசமா? வீட்ல யாருமே கவனிக்கலையா?”

போனை என் கையில் திணித்துவிட்டார். டாக்டர் இரண்டு முறை “ஹலோ” என்றார். “சாரிங்க” என்றேன்.