செக்கிங் மேசையில் ஒப்பாரி

இன்று மதியம் எங்கள் பனியன் கம்பெனி ரேடியோவில் செய்தி. கறுப்பு வெள்ளைப் படங்களில் நம்மைச் சிரிக்கவைத்த அந்த நகைச்சுவை நடிகை இறந்துவிட்டாராம்.

தைத்த பனியனில் குறை இருக்கிறதா என்று செக்கிங் பார்க்கும் மாரியக்கா ராமநாதபுரத்துக்காரர். சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு ஒப்பாரியே வைத்துவிட்டார்.

"எல்லாக் கதாநாயகிக்கும் தோழியா வந்தியே, ஒனக்குன்னு ஒரு டூயட்டு குடுத்தாகளா, எந்தாயே!"

"சாணிக் குழியில விழுந்து எந்திரிச்சியே..." என்று அடுத்த வரிக்குப் போனவருக்கு, அந்தக் காட்சி நினைவுக்கு வந்து சிரிப்பு பொத்துக்கொண்டது. நாங்களும் அழுதுகொண்டே சிரித்தோம்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "ஏனுங்க, யாரு ஊட்டுல சாவுங்க?"

பெயரைச் சொன்னோம். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு படத்துல மாமியாளைத் தொடப்பத்தோட தொரத்துவாங்களே, அதைச் சொல்லி அழுதீங்களா?"

அது விட்டுப்போயிருந்தது. மாரியக்கா மறுபடி ஆரம்பித்தார்.

ஒப்பாரி இன்னும் முடியவில்லை. விட்டுப்போனதை நீங்கள் சொல்லுங்கள்.