எழில்மதி அடிக்காத கற்பூரம்

இடது மூலை என்றால் நம் தெருவின் இடது மூலைதான் என்று காசியம்மாளுக்கு யார் சொன்னது? எழில்மதி சொன்னாளா? போனில் பேசியவள் எழில்மதி. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு ஒட்டுக்கேட்டவள் காசியம்மாள். பேசியவளை ஒரு வார்த்தை கேட்காமல், கேட்டவள் சொன்னதையே ஒரு தெரு முழுக்க நம்பிவிட்டால், அந்தத் தெருவில் வாய் திறக்கிறவர்கள் எப்படிப் பிழைப்பது?

எழில்மதி போனில் சொன்னது இதுதான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"ரெய்டு எப்படிப் போவணும்னு நான் சொல்றேன். மொதோ ரெண்டு தபா சும்மா எட்டிப் பாத்துட்டு வர்றது, மூணாவதுக்குத் தூக்கிக்கலாம்னு இருக்கறது, இதெல்லாம் வேலைக்காவாது. அவனுங்க உஷாராயிடறானுங்க. ரெண்டாவதுலயே தூக்கிடணும். எடது மூலையில ஒருத்தன் ஒக்காந்துக்கினு இருக்கான் பாருங்க, மொதல்ல அவன். அவன் வெளிய போய்ட்டா மத்தவனுங்களுக்குக் கையி காலு உதறும்."

இது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் மதுவிலக்குப் போலீஸ் ஜீப் வந்தது. மலைமேல் ஓடைக்கரையில் மூன்று பேரல் சாராய ஊறலைக் கவிழ்த்துவிட்டு, கீழே இறங்கி, தெருவின் இடது மூலை வீட்டிலிருந்து காசியம்மாளின் புருஷன் பழனியை ஏற்றிக்கொண்டு போனது. கருணாபுரத்துக் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு அந்த ஜீப் கல்வராயன் மலைக்கு ஏறுவதும் இறங்குவதும் டவுன் பஸ் மாதிரி ஆகிவிட்டது. அதற்கு ஒருத்தி ஆள் காட்டித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால் காசியம்மாள் இரண்டையும் முடிச்சுப் போட்டாள். செவ்வாய்க்கிழமை பேச்சு, வெள்ளிக்கிழமை போலீஸ். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள், தெருவில் எழில்மதிக்கு 'போலீசுக்காரி' என்று பெயர் விழுந்துவிட்டது.

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்தது. சடுகுடுவில் நம் பக்கம் யாரும் ரெய்டு என்று சொல்வதில்லை. பாடிப் போவது என்போம். எதிராளியின் கட்டத்துக்குள் ஒரே மூச்சில் பாடிக்கொண்டே போய், ஆளைத் தொட்டுவிட்டு, பிடிபடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்புவது. அதை ரெய்டு என்பவர்கள் டிவிக்காரர்கள். மலையடிவாரத்தில் பிறந்தவர்களுக்கு ரெய்டு என்றால் காக்கிச் சட்டை, அவ்வளவுதான். எழில்மதி சென்னைக்காரர்களோடு பேசினாள். சென்னைக்காரர்களின் வார்த்தையில் பேசினாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான், அதையும் தப்பென்று சொன்னால்.

சென்னைக்காரர்களுக்கு இவளிடம் என்ன வேலை என்று கேட்டார்கள். கேட்கட்டும். கரும்பு வெட்டுகிற இந்தக் கைதான் ஒன்பது வருஷம் தமிழ்நாட்டுப் பெண்கள் அணிக்காக எதிராளியைத் தொட்டுவிட்டு வந்த கை. களமருதூரில் பிறந்தவள். பதினாறு வயதில் பாடிப் போக ஆரம்பித்தவள். ஆட்டக்காரர்களுக்கான ரயில்வே வேலைக்கு ஆடிக் காட்டுகிற தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது வலது முட்டியின் நரம்பு அறுந்தது. தேர்வு நாளில் அவள் கட்டிலில் கிடந்தாள். பிறகு இளமாறனைக் கட்டிக்கொண்டு இந்தத் தெருவுக்கு வந்தாள். அவன் கரும்பு டிராக்டர் ஓட்டினான். அவள் கரும்பு வெட்டினாள். ஆனால் சுற்றுவட்டத்தில் எங்கே சடுகுடு நடந்தாலும் கோட்டோரம் போய் உட்கார்ந்துவிடுவாள். பந்தல், பாட்டு, பரிசுக் கோப்பை எதையும் பார்க்க மாட்டாள். பாடிப் போகிறவனின் கால்களை மட்டும் பார்ப்பாள்.

மணலூர்பேட்டையில் தை மாதத்து ஆற்றுத் திருவிழாவுக்கு நடந்த போட்டியில், தமிழ்வேந்தன் விளையாட வந்திருந்தான். டிவியில் ஆடுகிறவன். 'பாலாறு புலிகள்' என்று சென்னையில் ஒரு தொழில்முறை அணி, அதற்குக் கேப்டன். ஊரே செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்க, மூன்று முறை பாடிப் போனான். மூன்று முறையும் உள்ளூர்ப் பிள்ளைகளிடம் மாட்டினான். கூட்டம் செல்போனை இறக்கியது. கோட்டோரத்தில் ஒருத்தி மட்டும் சிரித்தாள்.

தமிழ்வேந்தன் மண்ணைத் தட்டிக்கொண்டு அவளிடம் வந்தான். "இன்னாக்கா சிரிப்பு?"

"நீ பாயறதுக்கு முன்னாடி எடது குதிகால மண்ணுல அழுத்தற தம்பி. அந்தப் பசங்க உன் மூஞ்சியப் பாக்கல. குதிகாலப் பாத்துக்கினு இருக்கானுங்க."

அவன் திரும்பப் போனான். நாலாவது முறை குதிகாலை அழுத்திவிட்டு, பாயாமல் நின்றான். பாய்வான் என்று நம்பி மூன்று பேர் முன்னால் வந்து விழுந்தார்கள். மூன்று பேரையும் தொட்டுவிட்டு நடந்தே திரும்பினான். அப்புறம் அவளுடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனான்.

அந்த வருஷ டிவி போட்டியில் பாலாறு புலிகள் கடைசி ஏழு ஆட்டமும் தோற்றார்கள். பிடிக்கிற ஆட்கள் நன்றாகத்தான் பிடித்தார்கள். பாடிப் போகிறவர்கள்தான் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். அவர்களைப் பழக்கிய பயிற்சியாளரை அனுப்பிவிட்டு, அந்த இடத்துக்குப் புது ஆள் தேடினார்கள். மூன்று பேர் தேறினார்கள். இந்தியாவுக்கு ஆடிப் பதக்கம் வாங்கிய வடநாட்டுக்காரர் ஒருவர். பயிற்சிப் படிப்பு படித்துச் சான்றிதழ் வைத்திருந்த ஒருவர். மூன்றாவது பெயரைத் தமிழ்வேந்தன் சொன்னான். அணி மேலாளர் அபிநயா அவனிடம், "கரும்பு வெட்டறவங்களா?" என்று இரண்டு முறை கேட்டாளாம்.

தேர்வு வீடியோ காலில் நடந்தது. நம் ஊரில் குழாயடியில்தான் சிக்னல் நிற்கும். அதனால் எழில்மதி, நாலு பேர் தண்ணீர் பிடிக்கிற இடத்தில், காதில் வயரை மாட்டிக்கொண்டு, துவைகல்லின் மேல் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தாள். அபிநயா கேட்டது யாருக்கும் கேட்கவில்லை. இவள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

அபிநயா கேட்டது ஒரே கேள்வி. ஏழு ஆட்டம் ஏன் தோற்றோம்?

அந்த ஏழையும் இளமாறனின் போனில் பார்த்துவிட்டுத்தான் எழில்மதி உட்கார்ந்திருந்தாள். வரிசையாக இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது முறை யாரையாவது தொட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் போனவன் அவுட் என்பது டிவி ஆட்டத்தின் சட்டம். புலிகள் முதல் இரண்டையும் சும்மா கழித்துவிட்டு, மூன்றாவதுக்கு எப்போதும் தமிழ்வேந்தனையே தள்ளினார்கள். வருவது யார், எப்போது என்று எதிராளிக்கு முன்கூட்டியே தெரிந்துபோயிற்று. ஆகவே இரண்டாவதிலேயே தொடு, இடது மூலையில் நின்று காலைப் பிடிக்கிறவனை முதலில் வெளியேற்று என்றாள். அதைத்தான் காசியம்மாள் கேட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம், குழாயடியில் இளமாறனைத் தவிர யாரும் இல்லாத நேரம், அபிநயா கூப்பிட்டாள். எழில்மதி காதில் வயர் மாட்டவில்லை. "உங்களைத்தான் எடுத்திருக்கோம், மேடம். மொதல் ஒரு மாசம் பார்ப்போம். சரியா வந்தா சீசன் முழுக்க. திங்கக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கு சென்னை முகாம்ல இருக்கணும். வரலைன்னா ரெண்டாவது ஆளுக்குப் போயிடும்."

எழில்மதி துவைகல்லை விட்டு எழுந்திருக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. இருபது வருஷத்துக்கு முன்னால் கட்டிலில் கிடந்தபடி நழுவவிட்டது இன்னொரு முறை வந்து நிற்கிறது. மூன்றாவது முறை வராது என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாரியம்மன் கோயில் முன்னால் தெரு கூடியது. நாட்டாண்மைக்காரர் சத்தியம் வாங்க, தட்டில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழில்மதி நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு கிளம்பியது.

"ஆம்பளைங்க டீமுக்கு? மெட்ராஸ்காரனுக்கு வேற ஆளே கெடைக்கலையா?" என்றது ஒரு குரல்.

"பொய் சொல்றதுன்னா ஒரு அளவா சொல்லணும்டீ," என்றாள் காசியம்மாள். அவள் கண் வீங்கியிருந்தது. மூன்று நாளாக அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அதை யாரும் இல்லையென்று சொல்லவில்லை.

எழில்மதி இளமாறனைப் பார்த்தாள். சனிக்கிழமை வந்த அழைப்பைப் பக்கத்தில் நின்று கேட்டவன் அவன். உண்மை என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் பாதி பேர் எழுந்து போய்விடுவார்கள். அவன் செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

நாட்டாண்மைக்காரர் தட்டை முன்னால் தள்ளினார். "நீ எங்க வோணா போ. எனுக்கு இன்னா. கற்பூரத்த அடிச்சு, ஆள் காட்டலன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. அர நிமிசம்."

"நான் ஆள் காட்டல. சொல்லிட்டேன்."

"கற்பூரத்து மேல சொல்லு."

"அது மாட்டங்க."

காசியம்மாள் எழுந்து நின்றாள். "பாத்துக்குங்க. ஆத்தாவுக்குப் பயப்புடறா."

"பயம் இல்லக்கா," என்றாள் எழில்மதி. அவள் குரல் உயரவில்லை. "நான் காட்டலன்னு கற்பூரம் அடிச்சா, காட்டறது பாவம்னு நானும் ஒத்துக்கினதா ஆவும். நான் ஒத்துக்க மாட்டேன். நம்ம கூட்டத்துல கரும்பு வெட்டினவன் கருணாபுரத்துல செத்தப்ப நீயும் நானும் ஒரே ஆட்டோவுல போனோம். அவன் பொண்டாட்டியக் கட்டிக்கினு நீ அழுத. காச்சினவன் நாசமாப் போவான்னு மண்ண வாரித் தூத்தின. நான் கூடத்தான் நின்னேன். பழனி அண்ணன் காச்சினது அந்தச் சாராயம் இல்ல, இருக்கட்டும். ஆனா ஓடைக்கரையில ஊறல் இருக்குன்னு எனுக்குத் தெரிஞ்சிருந்தா, நானே போய்ச் சொல்லியிருப்பேன். சொல்லிட்டு, நான்தான் சொன்னேன்னு இங்க வந்து நின்னுருப்பேன். ஒளிஞ்சுக்கினு குழாயடியில பேசியிருக்க மாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. நாட்டாண்மைக்காரர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப சத்தியம் பண்ற வரிக்கும் உன் வூட்டுக்குக் குழாயடி கெடயாது. கரும்பு வெட்டுக்கும் யாரும் கூப்புட மாட்டாங்க. இளமாறன் டிராக்டர்லயும் யாரும் லோடு ஏத்த மாட்டாங்க."

வீட்டுக்கு வந்ததும் இளமாறன் வாய் திறந்தான். "அர நிமிசம்தான எழிலு. அடிச்சுட்டு வந்திருக்கலாம். நான் இங்க இருக்க வாணாவா?"

"நீ அங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் மாமா. அதுவும் அர நிமிசம்தான்."

அவனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து ஒரே தெருவில் இருக்கிறவன். அந்தத் தெருவின் முகம் கோணினால் அவனுக்குச் சோறு இறங்காது. எழில்மதிக்கு அது தெரியும். தெரிந்தும் அன்று அவன் தட்டில் சோற்றைப் போட்டாளே தவிர, பக்கத்தில் உட்காரவில்லை.

திங்கட்கிழமை காலை இரண்டு புடவை, ஒரு டிராக் பேண்ட், முட்டிக்குப் போடுகிற பட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் அடைத்தாள். கள்ளக்குறிச்சி பஸ் ஏழரைக்கு. ஏழு மணிக்குத் தெருவில் எல்லாரும் இருப்பார்கள். குழாயில் தண்ணீர் வருகிற நேரம் அது. பல் விளக்குகிறவர்கள், குடம் வைத்துச் சண்டை போடுகிறவர்கள், வேலைக்கு ஆள் கூட்ட வந்த மேஸ்திரி, எல்லாரும்.

இளமாறன் பின்கதவைத் திறந்து வைத்திருந்தான். வெளியே கரும்புக்கொல்லை ஆள் உயரத்துக்கு நின்றது.

"இப்படியே போய்டு எழிலு. வரப்பு மேல போனா ரோட்டுல ஏறிக்கலாம். யாரு கண்ணுலயும் பட வாணாம். நான் பைய எடுத்தாந்து பஸ்ஸுல ஏத்தி வுட்டுடறேன்."

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அவன் கை பைக்காக நீண்டிருந்தது. ஒரு நொடி அவளுக்கும் அது சுலபமாகத்தான் தெரிந்தது. வரப்பில் நடந்தால் பத்து நிமிஷம். காசியம்மாளின் வீங்கிய கண்ணைப் பார்க்க வேண்டாம். ஒரு பேச்சும் காதில் விழாது. ஆனால் பின்வழியாகப் போனவள் என்று ஒரு பேச்சு இங்கேயே தங்கிவிடும். அவள் இல்லாத ஒரு மாதமும் அது வளரும். அப்புறம் எந்தக் கற்பூரத்தை அடித்தாலும் அது போகாது.

"களவாணிதான் மாமா கொல்ல வழியா போவான்," என்றாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். முட்டி லேசாக வலித்தது. முன்கதவின் தாழ்ப்பாள் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. திறந்தால் தெரு முழுக்கக் கேட்கும். எழில்மதி அதை மெதுவாகத் திறக்கவில்லை. வெயில் ஏறியிருந்தது. குழாயடியில் பேச்சு நின்றது. அவள் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, தெருவில் இறங்கினாள்.