மனப்பாடமாய் எழுதிய கடப்பிதழ் எண்

முருகனடியார்களே, அறுவைக்கூடத்துக்குள் போகும்முன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று என் அக்கா கேட்டாள். அந்தக் கை அவளுக்குக் கிடைக்காமல் போக இருந்தது என்னால். கிடைத்தது முருகனால். இந்த இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்றே எழுதுகிறேன்.

கடந்த பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அது. அம்மாவும் நானும் மலேசியக் கரையில், தம்போயில் இருக்கிறோம். அக்கா மணமாகிச் சிங்கப்பூரில் வாழ்கிறாள். பிள்ளைப்பேற்றுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்த நிலையில் அவளுக்கு இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறிவிட்டது. நண்பகலில் அறுவை செய்து குழந்தையை எடுக்கப் போவதாக மச்சான் தொலைபேசியில் சொன்னார். அக்கா அவரிடமிருந்து பேசியை வாங்கினாள்.

"மா, இந்தத் தடவையாச்சும் வந்துருவீங்கதானே?"

அந்தக் கேள்விக்குள் ஒரு பழைய துயரம் இருந்தது. முதல் கரு கலைந்த நாளில் அவள் தனியாகப் படுத்திருந்தாள். அம்மா சிங்கப்பூருக்குக் கடக்கும் பாலத்து நெரிசலில் பேருந்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூருக்குள் வருகையாளராக நுழைபவர் இணையத்தில் வருகைப் படிவத்தை முன்கூட்டியே நிரப்ப வேண்டும். அங்கே வேலை அனுமதி பெற்றவர்களுக்கு அது தேவையில்லை. நாள்தோறும் வேலைக்குப் பாலம் கடக்கும் எங்கள் குடியிருப்பு மக்களுக்கே அது பழக்கமில்லாத ஒன்று. எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு என்னுடையது.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பல்கலைக்கழகச் சொற்போர் அணியின் தலைவன். நம் ஆலயத் திருவிழா மேடையில் நான் பேசியதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். கையில் தாள் வைத்துப் பேசுவதை இழுக்கு என்று எண்ணுபவன் நான். எதையும் ஒருமுறை பார்த்தால் போதும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

பேருந்தில் நின்றபடியே படிவத்தைத் திறந்தேன். அம்மா கைப்பையிலிருந்து கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை, எடுத்து நீட்டினார்.

"இந்தா யா, பாத்து அடி."

"வேணாம்மா. உங்க நம்பரு எனக்கு மனப்பாடம்."

"இல்லடா, இது போன வருசம்..."

"மா, நான் பாத்துக்கிறேன். நீங்க சாமியக் கும்பிட்டுக்கிட்டு வாங்க."

அம்மா கடப்பிதழைப் பைக்குள் வைத்துவிட்டார். நான் நிமிடத்தில் இருவருக்கும் படிவத்தை அனுப்பி முடித்தேன். பிறகு நானும் வேண்டிக்கொண்டேன். அது எப்படிப்பட்ட வேண்டுதல் தெரியுமா? முருகா, முதலாவதாக அக்கா உன் அடியவள்; இரண்டாவதாக அம்மா உனக்குப் பால்குடம் எடுத்தவர்; ஆகவே நீ உதவக் கடமைப்பட்டிருக்கிறாய். இறைவனை எதிரணியில் உட்கார வைத்து நான் கருத்துகளை அடுக்கினேன். இதை எழுதும்போதே முகம் எரிகிறது.

பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர்க் குடிநுழைவுக் கூடத்துக்கு வந்தோம். நான் கடந்தேன். அம்மாவுக்குத் தானியங்கி வாயில் திறக்கவில்லை. மீண்டும் கடப்பிதழை வைத்தார். திறக்கவில்லை. ஒரு மலாய்ப் பெண் அதிகாரி வந்து எங்கள் இருவரையும் ஒரு முகப்புக்கு அழைத்துச் சென்றார். இந்தக் கடப்பிதழுக்கு வருகைப் படிவம் எதுவும் வரவில்லை என்று பொறுமையாகச் சொன்னார்.

நான் பேசத் தொடங்கினேன். ஆங்கிலத்தில், மேடைக் குரலில். படிவம் அனுப்பியாயிற்று என்பது என் முதல் கருத்து. அனுப்பியதற்கான மின்னஞ்சல் கையில் இருக்கிறது என்பது இரண்டாவது. எனவே பிழை உங்கள் கணினியில்தான் இருக்க வேண்டும் என்று முடிவுரைக்குப் போனேன். பின்னால் வரிசை நீண்டது. தொழிற்சாலைச் சட்டை போட்ட ஒருவர் தம் நண்பரிடம் என் காதில் விழும்படியே சொன்னார்.

"என்னடா, இங்க சொற்போரா நடக்குது? மணி அடிக்க ஆள் இல்ல போல."

"அடிச்சாலும் நிறுத்த மாட்டான் லா இவன்."

அதிகாரி என்னோடு வாதிடவில்லை. அம்மாவின் கடப்பிதழை விரித்தார். என் கைப்பேசித் திரையை அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டு எண்களும் ஒன்றல்ல. சென்ற ஆண்டு அம்மா கடப்பிதழைப் புதுப்பித்திருந்தார். நான் மனப்பாடமாய் எழுதியது காலாவதியான பழைய எண்.

கூடத்துக் கடிகாரம் நண்பகலை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது அம்மா அதிகாரியை அம்மணி என்ற பொருளில் 'புவான்' என்று விளித்து மலாயில் பேசினார்.

"என் தப்புதான் புவான். நான்தான் பழைய நம்பரக் கொடுத்துட்டேன். பையன் மேல தப்பு இல்ல."

அம்மா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அத்தனை பேர் முன்னால் என் முகம் கோணக் கூடாது என்பதற்காகச் சொன்னார். நான் என்ன செய்தேன்? மறுக்கவில்லை. எந்தக் கூற்றையும் மறுக்கத் தெரிந்தவன், என் தாயின் மேல் விழுந்த பழியை மறுக்காமல் நின்றேன். சில நொடிகள்தான். அந்த நொடிகளைத்தான் நான் இன்னும் கடக்கவில்லை.

கண்ணை மூடினேன். முருகா என்றேன். அடுத்துச் சொல்ல எதுவும் வரவில்லை. எந்தக் கருத்தும் வரவில்லை. என் நாக்குச் செய்த குற்றத்துக்கு அக்காவைத் தண்டித்துவிடாதே என்று உள்ளே ஏதோ அழுதது. அதற்கு இலக்கணம் இல்லை, வரிசை இல்லை. என் வாழ்நாளில் நான் செய்த முதல் பிரார்த்தனை அதுவென்றே நினைக்கிறேன்.

கண் திறந்தபோது பேச முடிந்தது. "அம்மா மேல் தவறில்லை. பார்க்கச் சொன்னார். நான் பார்க்கவில்லை," என்று அதிகாரியிடம் மலாயில் சொன்னேன். எங்கள் அவசரத்தையும் சொன்னேன். அவர் அம்மாவின் கடப்பிதழைத் திருப்பித் தந்தார். ஓரமாய் நின்று படிவத்தைப் புதிதாய் நிரப்புங்கள், மறுபடி வரிசைக்குப் போக வேண்டாம், நேரே என்னிடமே வாருங்கள் என்றார். முருகனின் முதல் பதில் எனக்கு அவர் வாயிலாக வந்தது.

அம்மா கடப்பிதழை விரித்துப் பிடித்தார். எண்களை அவர் எப்போதும் மலாயில்தான் படிப்பார். லாப்பான், தீகா, கோசோங் என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. இணையம் இழுத்தது. நான் வேறெதுவும் கேட்கவில்லை. முருகா, முருகா என்றே நின்றேன். படிவம் போனது. அம்மாவுக்கு வழி கிடைத்தது.

ஆனால் வெளியே வந்தபோது நண்பகல் கடந்திருந்தது. வாடகைக் காரில் ஏறினோம். மச்சானை அழைத்தேன். எடுக்கவில்லை. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

மருத்துவமனை நடைவழியில், அறுவைக்கூடக் கதவுக்கு வெளியே, தள்ளுபடுக்கையில் அக்கா கிடந்தாள்.

"இன்னொரு அம்மாவுக்கு அவசரம்னு அவங்கள முன்னால கொண்டு போய்ட்டாங்க. என்னை நிப்பாட்டி வெச்சுட்டாங்க மா," என்றாள்.

அம்மா அவள் கையைப் பற்றினார். முகம் தெரியாத அந்தத் தாயின் ஆபத்தில் எங்களுக்கு நேரம் கிடைத்ததை எண்ணி உடல் கூசியது. அவருக்காகவும் வேண்டிக்கொண்டேன். அவரும் பிள்ளையும் நலம் என்று மாலையில் ஒரு தாதி சொன்னார்.

"ஏன் மா லேட்டு?" என்று அக்கா கேட்டாள்.

"பாலத்துல ஜாம் லா," என்றார் அம்மா. இரண்டாம் முறையும் என்னைக் காப்பாற்றப் பார்த்தார்.

"இல்லக்கா, என்னாலதான். நான் என்ன செஞ்சேன்னா, முதல்ல..."

"டேய், வாய மூடிட்டு இந்தக் கையப் புடி," என்றாள் அக்கா.

பிடித்தேன். கதவு திறந்து அவளை உள்ளே கொண்டுபோகும்வரை மூவரும் கையை விடவில்லை.

பெண் குழந்தை. சில நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். இப்போது வீடதிர அழுகிறாள். அம்மா அந்த நாளைப் பற்றி இன்றுவரை என்னிடம் பேசியதில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

இப்போதும் மேடை ஏறுகிறேன், கையில் தாளோடு. அக்கரைக்குப் போகும் அடியார்கள் சிலர் வெள்ளிக்கிழமைகளில் என்னிடம் வருகைப் படிவம் நிரப்பித்தரக் கேட்கிறார்கள். கடப்பிதழை அவர்கள் கையிலேயே இருக்கவிட்டு, நீங்க படிங்க, நான் கேட்டு அடிக்கிறேன் என்கிறேன்.

அன்பர்களே, என்னைப் போல் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் உங்களில் இருக்கலாம். இக்கட்டில் முருகன் முன் நிற்கும்போது காரணங்களைக் கொண்டுபோகாதீர்கள். பெயரைச் சொல்லி நில்லுங்கள். அவன் கேட்கிறான். பேசாமல் நின்ற என் குரலையும் கேட்டான்.