இளவரசன் தப்பித்த தீவுகள்

மகள் போனில் ஏற்றிக் கொடுத்த மந்திர ராஜ்ஜியக் கதையைக் கேட்டபடி ரயிலில் வந்துகொண்டிருந்தேன். இரண்டு மாதமாக என் கூடவே இருந்த இளவரசன், நான்காம் பாகத்தில் கடலில் மூழ்கிச் செத்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உதட்டில் மட்டும் உப்புக் கரித்தது.

எழுபதுகளில், சதுரங்கப்பட்டினத்தில் எங்களுக்குக் கதை படித்தவள் அக்கா. அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் மீனைப் பிளந்து உப்புத் தடவிக்கொண்டே கேட்பார்கள். தடிப் புத்தகத்தின் ஓரமெல்லாம் செதில் ஒட்டியிருக்கும். அந்தக் கதையிலும் ஓர் இளவரசன் கப்பலேறிப் போனான். கடலுக்குப் போன எங்கள் அண்ணன் திரும்பாமல் அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது.

அக்கா படிக்கப் படிக்க, இளவரசன் தீவு தீவாகத் தப்பித்துக்கொண்டே இருந்தான். ஒருநாள் அவள் தண்ணீர் எடுக்கப் போனபோது, புத்தகத்தை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். கப்பல் உடைந்து அவன் செத்திருந்தான். அம்மாவிடம் ஓடினேன்.

“அக்கா பொய் சொல்லுதும்மா. புஸ்தகத்துல அவன் செத்துட்டான்.”

அம்மாவின் கத்தி நிற்கவில்லை.

“தெரியும். அவ பக்கத்தத் திருப்பியே நாலு நாளாவுது. அவளாண்ட சொல்லாத. கம்முனு கேளு.”

மறுநாள் மதியம் அக்கா புத்தகத்தை விரித்தாள். அம்மா தலை நிமிராமல் கேட்டாள்:

“இன்னாடி, இப்ப எங்க கீறான் அவன்?”

நான் இறங்க வேண்டிய கூடுவாஞ்சேரி வந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.