பதினொரு முட்டைகளும் ஜமீலாம்மாவின் பின்கதவும்

ஒன்பது நாட்களில் எங்கள் வீட்டுக் கோழிகள் பதினேழு செத்துப்போயின. காரணம் நான். ஆனால் பழியைப் பக்கத்து வீட்டின் மேல் போட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சகோதரிகளே. தள்ளிப்போட்டால் பாதியில் எனக்குத் தைரியம் போய்விடும்.

நடுவட்டத்தில் ஓர் எஸ்டேட் லைன் வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம். அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. நான் ஊட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். முழங்கால் வலியால் கொழுந்து பறிக்கும் வேலையை விட்டபிறகு அம்மாவுக்குக் கோழிகள்தான் வேலை, பேச்சுத்துணை எல்லாம்.

போன மார்ச் மாதம் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து வாங்க ஊட்டியில் கடைக்குப் போனேன். கண்ணில் ஒரு சொட்டு விடும் மருந்து. கடைக்காரர், "ஐஸ் வச்சுத் தரட்டுங்களா? சூடு பட்டா வீணாயிருங்க" என்றார்.

"எங்க ஊரே ஐஸ் பெட்டிதானுங்கண்ணா" என்று சிரித்துவிட்டுக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் மூடியை ஒட்டி இடம் கிடைத்தது. குளிரில் அந்த இடத்துக்கு எங்கள் ஊரில் போட்டியே நடக்கும். பையை மூடியின் மேல் வைத்து, கைகளையும் வைத்துக் குளிர்காய்ந்துகொண்டே வந்தேன். நடுவழியில் ஒரு லாரி பழுதாகி நின்றதால் ஒன்றரை மணி நேரம் தாமதம். வீட்டில் மருந்துக் குப்பியை எடுத்தபோது அது வெதுவெதுப்பாக இருந்தது.

அப்படி வந்த ஒரு ரத்த மாதிரியை லேபில் நான் தொடவே மாட்டேன். திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனால் மறுபடி ஒரு நாள் லீவு போட மனம் வரவில்லை. அம்மா ஒவ்வொரு கோழியாகப் பிடித்துக் கொடுக்க, அதையே சொட்டு விட்டேன். நோட்டில் தேதி போட்டு, 'தடுப்பு மருந்து, முடிந்தது' என்று டிக் அடித்தேன்.

ஏப்ரலில் கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு விழ ஆரம்பித்தன. காலையில் கூட்டைத் திறக்கும்போதெல்லாம் ஒன்றோ இரண்டோ விறைத்துக் கிடக்கும். ஐந்தாம் நாள் அம்மா, "மருந்து விட்டோமேடி, அப்புறம் எப்படி?" என்று கேட்டார்.

என் வாயில் வந்தது இதுதான்: "ஜமீலாம்மா போன வாரம் சந்தையில ஒரு சேவல் வாங்கிட்டு வந்தாங்கல்ல? அதுதான் கொண்டு வந்திருக்கும்."

ஜமீலாம்மாவின் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அப்பா இறந்தபோது பத்து நாள் எங்கள் வீட்டுக்குச் சோறு அவர் அடுப்பிலிருந்துதான் வந்தது. அவர் தன் கோழிகளுக்குக் கால்நடை முகாமில் ஊசி போட்டு வைத்திருந்ததால் ஒன்றுகூடச் சாகவில்லை. அதுவே அம்மாவுக்குச் சாட்சியாகிவிட்டது. குழாயடியில் ஜமீலாம்மாவின் குடத்தை நகர்த்தி வைத்து, "உன் சேவல் என் குடும்பத்தையே அழிச்சிருச்சு" என்று கத்தினார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதன்பிறகு மூன்று மாதம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அம்மா பழக்கதோஷத்தில் தினமும் வெறும் கூட்டைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று, மூடிவிட்டு வருவார். சாப்பாடு பாதியானது. எனக்கு உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் உட்கார வேண்டும். அம்மாவுக்காகத் தினமும் ஜெபித்தேன். என் பொய்யை மட்டும் ஜெபத்தில் சேர்க்காமல் கவனமாகத் தாண்டிப் போனேன்.

தப்பிப் பிழைத்தது பொட்டு என்ற ஒரே ஒரு கோழி. ஜூலையில் அது அடைக்கு வந்தது. அம்மா அன்று மூன்று மாதத்தில் முதல்முறையாகச் சுறுசுறுப்பாக நடந்தார். கூடையில் வைக்கோல் பரப்பினார். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடாமல் இருக்க, வழக்கம்போல ஒரு கரித்துண்டும் ஓர் இரும்பு ஆணியும் போட்டார். ஒற்றைப்படையாகப் பதினொரு முட்டை வைத்தார். குஞ்சு பொரிக்க ஆகும் இருபத்தொரு நாளுக்கும் நான் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். ஏழாம் நாள் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தபோது பதினொன்றிலும் உயிர் பிடித்ததற்கு அடையாளமாகச் சிவப்பு நரம்பு ஓடியது. அம்மா அன்று இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

பதிமூன்றாம் நாள் சனிக்கிழமை. பேய் மழை. காலையில் இரை தின்ன இறங்கிய பொட்டு திரும்பவில்லை. தேடிப் போனேன். தேயிலைச் செடிகளுக்கு அடியில் இறகுகள் சிதறிக் கிடந்தன. கீரி.

முட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா அழவில்லை. அத்தனையையும் எடுத்து மடியில் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "இதுவும் போனா எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

அட்டைப்பெட்டியில் பல்பு மாட்டினேன். கரண்ட் இல்லை. லைன்மேனுக்குப் போன் செய்தேன். "மரம் உழுந்து கம்பியே அறுந்து கெடக்குதுங்க. எப்ப வரும்னு சொல்ல முடியாதுங்க" என்றார். பாட்டில்களில் வெந்நீர் நிரப்பிச் சுற்றி வைத்தேன். அரை மணி நேரத்தில் ஆறிப்போனது. இன்னும் எட்டு நாள் இருக்கிறது. எப்படி?

அடுப்படியில் முழங்கால் போட்டேன். "கர்த்தாவே, கரண்டைத் தாரும். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கரண்ட் மட்டும்." இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். கரண்ட் வரவில்லை. சொல்லச் சொல்ல வார்த்தை தீர்ந்துபோய்ச் சும்மா இருந்தேன். அப்போதுதான் சுவருக்கு அந்தப்பக்கம் அடைக்கோழி ஒன்று கொர்ரென்று உறுமுவது கேட்டது. ஜமீலாம்மாவின் கோழி. அந்தச் சத்தம் நாலு நாளாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதில் ஒரு வழி இருக்கிறது என்று நான்தான் நினைக்கவே இல்லை.

போய் முட்டையை மட்டும் கேட்கலாம், உண்மையைச் சொல்ல வேண்டியதில்லை என்றுகூட நினைத்தேன். ஆனால் மறுபடி ஜெபிக்க வாய் வரவில்லை. எழுந்து மழையிலேயே அவர்கள் வீட்டுப் பின்கதவைத் தட்டினேன்.

ஜமீலாம்மா திறந்தார். நான் எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னேன். ஐஸ் வேண்டாம் என்றது, இன்ஜின் மூடி, டிக் அடித்தது, பொய்.

அவர் முகம் சிவந்தது. "மூணு மாசம்! உங்கம்மா என் மூஞ்சியப் பாக்கலடி. பெருநாளைக்கு பிரியாணி கொடுத்து விட்டேன், சட்டி அப்படியே திரும்பி வந்துச்சு. நீ படிச்ச புள்ள, பாத்துட்டு நின்ன!"

"ஆமாங்க" என்றேன்.

"உங்கம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லீங்க."

"முதல்ல அங்க சொல்லு. முட்டைய எடுத்துட்டு வா. இப்ப பேசிட்டு இருந்தா ஆறிப்போயிரும். திட்டறத நான் அப்புறமா வட்டியோட திட்டிக்கறேன்."

திரும்பி வந்து அம்மாவின் முன் உட்கார்ந்து சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். என்னை அடித்திருக்கலாம், மடியில் முட்டை இருந்தது. சுவரைப் பிடித்து மெதுவாக எழுந்தார். முட்டைகளை நீட்டுவார் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. அந்த முழங்கால் வலியோடு அவரே நடந்து போனார். நான் பின்னால் குடை பிடித்துக்கொண்டு போனேன்.

வாசலில் அம்மா, "ஜமீலா..." என்றார்.

"பாத்து, பாத்து. உடச்சிராத, இப்படி கொடு" என்றார் ஜமீலாம்மா. பிறகு, "ஏன்டி, உங்க ஊட்டுல சேவலே இல்லையே? அப்ப இதுக்கெல்லாம் அப்பன் எங்க சேவல்தானே? சண்டக்காரங்க ஊட்டுச் சேவல்னு உன் கோழி கொஞ்சமாச்சும் யோசிச்சுச்சா?"

அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

ஜமீலாம்மாவின் கோழிக்கு அடியில் அவருடைய முட்டைகள் ஒன்பது இருந்தன. இருபதையும் ஒரு கோழியால் மூட முடியாது. அவர் யோசிக்கவே இல்லை. தன் ஒன்பதையும் எடுத்து வெளியே வைத்தார். நான் தடுத்தேன். "எனக்கு நாலு நாள்தான் ஆச்சு. உங்களுக்குப் பதிமூணு நாள் ஆயிருச்சு" என்றார். கோழி ஒருமுறை என் கையைக் கொத்திவிட்டு, எங்கள் முட்டைகளைத் தன் நெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டது.

எட்டு நாள் கழித்துக் குஞ்சு பொரித்தது. பதினொன்றில் ஏழு. மூன்றில் உள்ளேயே உயிர் அடங்கியிருந்தது. ஒன்று ஓட்டைக் கொத்திவிட்டு வெளியே வர முடியாமல் செத்தது. அடுத்த வாரம் காக்கை ஒன்றைத் தூக்கியது. இன்னொன்று காரணமே தெரியாமல் காலையில் சுருண்டு கிடந்தது. முன்பானால் யார் செய்த தப்பு என்று தேடியிருப்பேன். இப்போது அதை எடுத்துத் தேயிலைச் செடியடியில் புதைத்துவிட்டு, மீதி ஐந்துக்கும் தண்ணீர் வைக்கப் போனேன். வலித்தது. ஆனால் அந்த வலியைக் கொண்டுபோய் யார் தலையிலும் வைக்கவில்லை.

ஐந்தும் இப்போது முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிட்டன. அம்மா வயிறாரச் சாப்பிடுகிறார். ஜமீலாம்மா சொன்னபடியே வட்டியோடு திட்டி முடித்தார். அதற்கே இரண்டு வாரம் ஆனது. நான் லேபில் செய்யும் தவறுகளை இப்போது அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

அன்று நான் கேட்டதைக் கர்த்தர் தரவில்லை என்றுதான் கொஞ்ச நேரம் நினைத்தேன். உங்களில் யாராவது கேட்டது வரவில்லையே என்று தவித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். எதை மறைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். கரண்ட் அன்று மாலை ஐந்து மணிக்கு வந்தது. காலையிலேயே வந்திருந்தால் நான் அந்தக் கதவைத் தட்டியிருக்கவே மாட்டேன். தாமதமாக்கினவருக்கு நன்றி.